சுருளுக்கு முன்பே அசைந்த சித்திரங்கள்: கேள்வி பதில்

அசைவூட்டப் படங்களின் தொடக்க காலத்தைக் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்ற அளவு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றையே இருவர் மூவர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இந்த வரலாற்றைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். நான் இதைக் கையுழைப்பின் வரலாறாகவே படித்துவருகிறேன். ஒரு நொடி அசைவுக்கு வேண்டிய பத்துப் பதினாறு படங்களை யார் வரைவது, எத்தனை நாளில் வரைந்து முடிப்பது என்னும் நெருக்கடிதான் இத்துறையின் பல கண்டுபிடிப்புகளுக்குத் தாயாக இருந்தது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): ஐயா, சினிமா 1895இல் பிறந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அனிமேஷன் அதற்குப் பிறகு வந்ததுதானே?

பதில்: லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபேயில், நிலமட்டத்துக்குக் கீழிருந்த ஓர் அறையில், ஆளுக்கு ஒரு ஃபிராங்க் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துக் குறும்படங்களைக் காட்டிய 1895 டிசம்பர் 28ஆம் நாளைச் சினிமாவின் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. ஆனால் அதே பாரிஸில், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பாக, 1892 அக்டோபர் 28 அன்று, கிரெவான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் எமீல் ரெனோ என்பவர் தம் கையால் வரைந்து வண்ணமிட்ட உருவங்களைத் திரையில் நடமாடவிட்டு மக்களுக்குக் கதை காட்டத் தொடங்கிவிட்டார். எனவே அனிமேஷன் சினிமாவுக்குப் பின் பிறந்த தங்கை என்று சொல்ல இயலாது. கேமராவே இல்லாமல், வரைபவரின் கையையும் விளக்கின் ஒளியையும் மட்டும் நம்பி அது முன்னரே நடக்கத் தொடங்கியிருந்தது.

கேள்வி (இருவர் கேட்டது): ரெனோவின் கருவி எப்படி இயங்கியது? அவர் பெயர் ஏன் பரவலாகத் தெரியவில்லை?

பதில்: நான் மிகவும் விரும்பி எழுதும் பதில் இது.

ரெனோவுக்கு முன்பே சுழலும் உருளைப் பொம்மைகள் இருந்தன. உருளையின் உட்புறத்தில் படங்களை வரிசையாக ஒட்டிச் சுழற்றி, பக்கவாட்டுப் பிளவுகளின் வழியே பார்த்தால் படம் அசையும். பிளவு குறுகலாக இருந்ததால் வெளிச்சம் போதாமல் படம் மங்கித் தெரிந்தது. ரெனோ பிளவுகளை நீக்கிவிட்டு, உருளையின் நடுவே சிறு கண்ணாடிகளை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு படத்தைப் பிரதிபலிக்க, அசைவு தெளிவாகவும் ஒளியோடும் தெரிந்தது. இதற்கு அவர் 1877இல் காப்புரிமை பெற்றார்.

அந்த உருளையில் பன்னிரண்டு படங்களே அடங்கும்; ஆகவே ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும், கதை சொல்ல முடியாது. அடுத்த படியாக அவர் ஊன்பசைத் (ஜெலட்டின்) தகடுகளில் படங்களை வரைந்து, அவற்றை நீண்ட நாடாவாகக் கோத்து, படங்களுக்கு இடையே துளையிட்டு, அத்துளைகள் சக்கரத்தின் முனைகளில் மாட்டி நகரும்படி செய்தார். 'ஒளி அரங்கு' என்று பெயரிட்டு 1888இல் காப்புரிமை பெற்ற இக்கருவியில் நாடா ஒரு சுருளிலிருந்து விரிந்து மறு சுருளில் சேரும். பின்னணிக் காட்சியை வேறொரு விளக்கு திரையில் வீழ்த்தும். அசையும் உருவங்கள் அதன்மேல் வந்து பொருந்தும். பின்னணியைத் தனியாகவும் உருவத்தைத் தனியாகவும் பிரித்த இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஸ்டுடியோக்கள் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அவருடைய 'பாவம் பியரோ' என்னும் படத்தில் ஏறக்குறைய 500 ஓவியங்களே இருந்தன. இக்காலக் கணக்கில் அவை அரை நிமிடத்துக்குக்கூடப் போதா. ரெனோ நாடாவைத் தம் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, சிரிப்பு எழுந்தால் அந்த அசைவை மறுபடியும் காட்டி, அதைப் பத்து நிமிடத்துக்கும் மேலான நிகழ்ச்சியாக நடத்தினார். பாவைக்கூத்தில் பாவையை ஆட்டுபவர் அவையின் மனநிலையை அறிந்து ஆட்டுவதைப் போன்றது அது. காஸ்தோன் பாலான் என்பவர் இதற்கென்றே இசையமைத்திருந்தார்.

1900ஆம் ஆண்டு வரை ஐந்து லட்சம் பேர் இதைப் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் ஒரு நாடாவை வரைய மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. நகல் எடுக்கவும் வழியில்லை. லூமியேர் கருவியோ ஒரு நிமிடப் படத்தை ஒரு நிமிடத்தில் எடுத்து, வேண்டிய அளவு நகல்களையும் தந்தது. அந்தப் போட்டியில் ஒரு தனி மனிதரின் கை வெல்ல வாய்ப்பே இல்லை. வறுமையும் மனச்சோர்வும் சூழ்ந்த பிற்காலத்தில் ரெனோ தம் கருவியை உடைத்து, நாடாக்களில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்துவிட்டார். 1918 ஜனவரியில் ஒரு நோயாளர் விடுதியில் இறந்தார். இரண்டே படங்கள் மிஞ்சின. அவர் பெயர் பரவாமல் போனதற்கு முதன்மையான காரணம், காட்டுவதற்கு அவருடைய படைப்புகள் எஞ்சாமல் போனதே. அக்டோபர் 28ஆம் நாள் இப்போது பன்னாட்டு அனிமேஷன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கேள்வி (அறிவியல் ஆசிரியர், ஈரோடு): கண்ணின் விழித்திரையில் படம் சிறிது நேரம் நிலைப்பதால்தான் அசைவு தெரிகிறது என்று பாடத்தில் சொல்லித்தருகிறோம். இது சரியா?

பதில்: பாதியளவுகூடச் சரி என்று சொல்ல எனக்கு மனமில்லை. விழித்திரையில் பழைய படம் தங்கிவிட்டால், புதிய படம் அதன்மேல் படிந்து குழப்பமான கறையாகத் தெரியுமே தவிர, ஓடும் குதிரையாகத் தெரியாது. சற்றே வேறுபட்ட இரு படங்கள் தகுந்த இடைவெளியில் தோன்றும்போது, மூளை அவற்றை ஒரே பொருளின் நகர்வாகப் பொருள்கொள்கிறது. மாக்ஸ் வெர்த்தைமர் இந்தத் தோற்ற அசைவைச் சோதனைகளால் ஆராய்ந்து 1912இல் வெளியிட்டார். ஒளி சிமிட்டாமல் சீராகத் தெரிவது வேறு சிக்கல். மௌனப்படக் காலத்துப் புரொஜெக்டரில் மூன்று இதழ் கொண்ட மறைப்பான் சுழன்று ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை காட்டியது. நொடிக்கு 16 படங்கள் ஓடினால் கண்ணுக்கு 48 ஒளித்துடிப்புகள் கிடைக்கும், சிமிட்டல் அடங்கிவிடும். இவ்விரண்டையும் பிரித்துச் சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

கேள்வி: லூமியேர் படத்தில் ரயில் வருவதைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினார்களாமே?

பதில்: அந்த ரயில் படம் 1895 டிசம்பர் காட்சியில் இடம்பெறவே இல்லை. மக்கள் வியந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. கும்பலாக எழுந்து ஓடினார்கள் என்பதற்கு அக்காலத்து உறுதியான சான்று கிடையாது.

கேள்வி (குறும்பட இயக்குநர், சென்னை): மெலியேஸின் மாயாஜாலப் படங்களையும் அனிமேஷன் என்று கொள்ளலாமா?

பதில்: வாசற்படி வரை வந்தவர் என்று சொல்லலாம். ஜார்ஜ் மெலியேஸ் பாரிஸில் மந்திரவித்தை அரங்கம் நடத்தியவர். தெருவில் படமெடுக்கும்போது கேமரா சிக்கி நின்று, மீண்டும் ஓடத் தொடங்கியதால், பயணியர் வண்டி இருந்த இடத்தில் பிணவண்டி தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். கேமராவை நிறுத்தி, பொருளை மாற்றி, மீண்டும் ஓட்டும் இந்த உத்தியை 1896இலேயே ஒரு பெண் மறையும் காட்சியில் அவர் கையாண்டார். அந்த நிறுத்தத்தை ஒரு காட்சிக்கு ஒரு முறை செய்தால் மாயாஜாலம். ஃபிலிமில் பதியும் ஒவ்வொரு படத்துக்கும் செய்தால் அசைவூட்டம். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906இல் கரும்பலகையில் வரைந்த முகங்களை இவ்வாறு சிறிது சிறிதாக மாற்றிப் படமாக்கினார்.

கேள்வி: ஃபிலிமில் முழுமையாக வரைந்த முதல் படம் எது?

பதில்: பிரான்சில் எமீல் கோல் உருவாக்கி 1908 ஆகஸ்ட் 17 அன்று திரையிடப்பட்ட 'ஃபாந்தாஸ்மாகோரி'யைப் பெரும்பாலோர் சொல்வர், நானும் அதையே சொல்வேன். கேலிச்சித்திரக்காரரான கோலுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடிப் பலகையின் அடியில் விளக்கை வைத்து, முந்தைய தாளின் மேல் புதிய தாளை இட்டு, ஏறக்குறைய 700 படங்களை வரைந்தார். ஒவ்வொன்றையும் இருமுறை படமெடுத்ததால் உழைப்பு பாதியாகக் குறைந்தது. இரண்டிரண்டாக எடுக்கும் அந்தப் பழக்கம் இன்றும் வரைபவர்களிடம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்ததை எதிர்மறையாகப் பதித்தார். திரையில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதுபோல் வெண்கோடு ஓடியது. யானை வீடாகிறது, குப்பி மலராகிறது. கோட்டை நம்பி வாழும் உலகத்தில் எதுவும் எதுவாகவும் ஆகலாம் என்பதை அவர் முதற்படத்திலேயே கண்டுகொண்டார். 1938 ஜனவரி 20 அன்று கோல் ஏழ்மையில் இறந்தார். மறுநாள் மெலியேஸ் இறந்தார். டிஸ்னியின் முழுநீளப் படமான ஸ்னோ ஒயிட் லாஸ் ஏஞ்சலிஸில் அரங்கேறி அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது.

கேள்வி (ஓவியர், கும்பகோணம்): செல் என்னும் ஊடுதெரியும் தாள் வருவதற்கு முன் பின்னணியை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: சமாளிக்கவில்லை ஐயா, ஒவ்வொரு படத்திலும் மறுபடி வரைந்தார்கள். அமெரிக்கச் சித்திரக்காரர் வின்சர் மெக்கே 1914இல் மேடையில் காட்டிய 'டைனோசர் கெர்ட்டி' என்னும் படத்துக்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள் வேண்டியிருந்தன. மெல்லிய தாளில் மெக்கே டைனோசரை வரைய, ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர் அதே பாறையையும் ஏரியையும் மரத்தையும் ஒவ்வொரு தாளிலும் படியெடுத்தார். எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் கோடுகள் மயிரிழை விலகும். அதனால் அப்படத்தின் நிலக்காட்சி மெல்ல நடுங்குவதைக் காணலாம். எனக்கு அந்த நடுக்கம் குறையாகத் தெரிவதில்லை. ஒருவர் அத்தனை தாள்களின் முன்னும் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

அதே ஆண்டு ஏர்ல் ஹர்ட் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரே முறை வரைந்து கீழே வைத்துவிட்டு, அசையும் பகுதியை மட்டும் ஊடுதெரியும் செல்லுலாய்டு தகட்டில் வரைந்து மேலே வைப்பது அவரது முறை. தாள்கள் நகராதிருக்கத் துளையிட்டு முளைகளில் மாட்டும் வழக்கத்தை, மாண்ட்ரியலில் பிறந்த ரவூல் பாரே தம் நியூயார்க் ஸ்டுடியோவில் கொண்டுவந்தார். ஜான் ராண்டால்ஃப் பிரே ஹர்ட்டுடன் சேர்ந்து காப்புரிமைகளை ஒன்றாக்கி, பிற ஸ்டுடியோக்களிடம் உரிமத்தொகை பெற்றார். இதன் பிறகு ஒருவர் முதன்மை நிலைகளை வரைய, மற்றவர் இடைநிலைகளை வரைய, வேறொருவர் மையிட என வேலை பிரிந்தது. வாரந்தோறும் படம் வெளிவருவது இயன்றது. ஒரே கையின் முத்திரை மங்கியதும் அப்போதுதான். மெக்கே தாமும் 1918இல் லூசிடானியா கப்பல் மூழ்கியதைப் படமாக்கியபோது செல் முறைக்கு மாறிவிட்டார்.

கேள்வி (ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்): முதல் முழுநீள அனிமேஷன் படம் ஸ்னோ ஒயிட்தானா?

பதில்: அல்ல. அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917இலேயே வெட்டிய அட்டை உருவங்களைக் கொண்டு ஓர் அரசியல் அங்கதப் படத்தை முழுநீளத்தில் எடுத்தார்; அது தீவிபத்தில் அழிந்துபோனது. அக்காலத்து ஃபிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது என்பதால் இத்தகைய இழப்புகள் பல.

நம்மிடம் எஞ்சியுள்ளவற்றுள் மூத்தது, ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் உருவாக்கி 1926இல் வெளிவந்த 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்'. பணவீக்கக் காலத்தில் லூயி ஹாகன் என்ற வங்கியாளர் தம் பணத்தை ஃபிலிம் சுருள்களாக வாங்கி வைத்திருந்தார். அவற்றைக் கொடுத்து, பாட்ஸ்டாமில் தம் வீட்டு வண்டிக்கொட்டகையின் மாடியையும் ஒழித்துத் தந்தார். அங்கே ரைனிகர் மூன்றாண்டுகள் உழைத்தார். கருப்பு அட்டையையும் மெல்லிய ஈயத்தகட்டையும் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, அடியிலிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையில் கிடத்தி, ஒவ்வொரு படத்துக்கும் விரலால் சிறிதளவு நகர்த்துவார். கணவர் கார்ல் கோக் மேலிருந்த கேமராவை இயக்குவார். கண்ணாடித் தட்டுகளை அடுக்கி ஆழம் காட்டும் முறையையும் அங்கே கையாண்டார்கள். முகத்தில் கண்ணோ வாயோ தெரியாத நிழலுருவம், தோள் சரிவதாலும் விரல் மடிவதாலும் மட்டுமே ஏக்கத்தைக் காட்டுவதை ஒருமுறையேனும் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

கேள்வி: இந்தியாவில் தொடக்கம் எப்போது?

பதில்: லூமியேர் படங்கள் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் காட்டப்பட்டன. தமிழகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அசைவூட்டத்தைப் பொறுத்தவரை தாதாசாகேப் பால்கேயைச் சொல்ல வேண்டும். தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைத்துக் கொடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்து, அதைக் காட்டியே முதல் படத்துக்கு முதலீடு திரட்டினார். பின்னர் தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு குறும்படமும் எடுத்தார்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): வகுப்பில் பிள்ளைகள் தாமே செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

பதில்: பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ 1832இல் வடிவமைத்த சுழல்வட்டு இதற்கு ஏற்றது அம்மா. கெட்டி அட்டையில் ஒரு சாண் அகலமுள்ள வட்டம் வெட்டுங்கள். விளிம்பில் சம இடைவெளியில் பன்னிரண்டு குறுகிய பிளவுகள் இடுங்கள். ஒவ்வொரு பிளவின் நேர் கீழேயும் ஒரு படமாக, பந்து எழுந்து விழுவதன் பன்னிரண்டு நிலைகளை வரையச் சொல்லுங்கள். பின்புறத்துக்குக் கருப்பு வண்ணம் பூசுங்கள். நடுவே ஆணி குத்தி ஒரு குச்சியில் மாட்டி, படங்கள் நிலைக்கண்ணாடியை நோக்கும்படி பிடித்துச் சுழற்றி, பின்புறமிருந்து பிளவுகளின் வழியே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பந்து இருந்த இடத்திலேயே குதிக்கும். பிறகு பிளவுகள் பன்னிரண்டாகவே இருக்க, இன்னொரு வட்டில் பதினொரு படங்களை மட்டும் சம இடைவெளியில் வரையச் செய்து சுழற்றிக் காட்டுங்கள். இம்முறை பந்துகள் குதித்தபடியே வட்டைச் சுற்றி நகரும். ஏன் நகர்கின்றன என்று பிள்ளைகளையே யோசிக்க விட்டு, அவர்கள் சொல்லும் விடைகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.