தன்பாலினத் திருமணம்: நீதிமன்றமா, நாடாளுமன்றமா? (வாசகர் கேள்வி – பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் தன்பாலினத் திருமணம் குறித்து ஒரு விவாதம் நடந்தது. “இவ்வளவு பெரிய சமூகக் கேள்வியைச் சில நீதிபதிகள் அமர்ந்து முடிவு செய்யக் கூடாது, நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்” என்று ஒருவர் சொன்னபோது பெரும் கைதட்டல் எழுந்தது. மக்களாட்சியில் இது நியாயமான வாதம்தானே?
– வாசகர், கும்பகோணம்

நியாயமான வாதம்தான். நான் அங்கிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். தட்டி முடித்த பிறகு, நாடாளுமன்றம் இதுவரை இதில் என்ன செய்தது என்றும் கேட்டிருப்பேன்.

உங்கள் நண்பர் சொன்ன வாதம் புதியதன்று. 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் பாரதிய ஜனதா கட்சியின் சுசில்குமார் மோடி, இத்தகைய ஒன்றை இரண்டு நீதிபதிகள் முடிவு செய்துவிட முடியாது என்று பேசினார். பிறகு, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கோரிய வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குச் சென்று, 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள்கள் விசாரிக்கப்பட்டபோது, ஒன்றிய அரசின் சார்பில் வாதிட்ட துஷார் மேத்தாவும் இதைத்தான் வலியுறுத்தினார். திருமணம் என்ற ஒரு சொல்லின் பொருளை மாற்றினால் 160 சட்டப் பிரிவுகள் பாதிக்கப்படும், அந்த வேலையைச் சட்டமியற்றும் அவைதான் செய்ய முடியும் என்றார் அவர். அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும் சாரத்தில் இதை ஏற்றுக்கொண்டார்கள். ஆக, அந்த வாதம் வென்றுவிட்டது.

ஆனால் இந்தக் கேள்வி கடந்து வந்த பாதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், பொறுப்பை யார் யார் தலையில் கட்டினார்கள் என்பது விளங்கும். 2013 டிசம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் நாடாளுமன்றம் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றது. அதை நம்பி 2015 டிசம்பரில் சசி தரூர் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தபோது, அது விவாதத்துக்கே வரவில்லை. தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதிப்பது அவையில் வெறும் சடங்குபோல நடக்கும் காரியம். அந்த அனுமதியே 24-க்கு 71 என்ற வாக்குகளில் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் மீண்டும் முயன்றபோதும் இதே கதி. 2018-இல் அதே பிரிவு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஒன்றிய அரசு, முடிவை நீதிமன்றத்தின் விவேகத்துக்கே விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தது. தன்பாலின உறவு குற்றமன்று என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகள் கழித்துத் திருமண வழக்கில் அதே அரசு, இது நீதிமன்றத்தின் வேலையே அன்று என்றது. மதச் சடங்கின்றிப் பதிவு செய்து மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தக் கோரி 2022-இல் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

அவை நினைத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரலில் நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறாவிட்டாலும், 2019-இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய நெருக்கடியை அந்த மசோதா உண்டாக்கியது என்றே நான் கருதுகிறேன். ஆகவே, நாடாளுமன்றமே முடிவு செய்யட்டும் என்று சொல்பவர், அந்த அவையில் இது பேசப்பட வேண்டும் என்றும் கேட்பாரானால் அவருடைய வாதத்தை நான் மதிப்பேன். அதைக் கேட்காமல் முதல் பாதியை மட்டும் சொல்பவருக்கு வேண்டியது விவாதமன்று, தள்ளிப்போடுதல்.

அந்தத் தீர்ப்பு உரிமையைக் கொடுத்ததா, மறுத்ததா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்களே.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

திருமண உரிமையை மறுத்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமையன்று, சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தன்பாலின இணையருக்கும் பொருந்துமாறு நீதிமன்றம் விரித்துப் படிக்க இயலாது என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். அவர்களுடைய உறவைக் குடிமை இணைவாக (திருமணம் என்ற பெயரின்றிச் சட்டம் ஏற்கும் இணைவாழ்வாக) அரசு ஏற்க வேண்டுமா, அவர்கள் இணையராகக் குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில்தான் பிளவு ஏற்பட்டது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் ஆம் என்றனர். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவர் இல்லை என்றதால் அதுவே தீர்ப்பாயிற்று. ஆணும் பெண்ணுமாக இணையும் திருநர்கள் நடப்புச் சட்டங்களின்படியே மணம் செய்துகொள்ளலாம் என்று ஐவரும் கூறினர். தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் இணையரின் வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019-இலேயே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்துவிட்டார். 2023 தீர்ப்பின் மீதான மறுஆய்வு மனுக்களை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது.

இது நகரத்து மேட்டுக்குடியினரின் கோரிக்கை என்று அரசே நீதிமன்றத்தில் சொன்னதாகப் படித்தேன். கிராமத்தில் வாழும் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

அரசு அப்படிச் சொன்னது உண்மை. அதற்கான புள்ளிவிவரம் எதையும் அரசு காட்டவில்லை என்று தலைமை நீதிபதி அப்போதே சுட்டிக்காட்டினார். வழக்குத் தொடுப்பவர்களில் நகரத்தவர் மிகுதியாக இருப்பதற்குக் காரணம், உச்ச நீதிமன்றம் வரை செல்லப் பணமும் ஆங்கிலமும் துணிச்சலும் தேவைப்படுவதுதான். நிலத்தகராறு வழக்குகளிலும் இதைக் காணலாம், அதனால் நிலத்தகராறு நகரத்து நோய் என்று யாரும் சொல்வதில்லை. 1987 இறுதியில் மத்தியப் பிரதேசக் காவல் துறையில் பணியாற்றிய இரண்டு பெண் காவலர்கள் மாலை மாற்றி மணம் செய்துகொண்டார்கள்; அதற்காக வேலையை இழந்தார்கள். அவர்கள் மேட்டுக்குடியினர் அல்லர். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஓர் ஆட்கொணர்வு மனு வேலூர் மாவட்டத்திலிருந்து வந்தது: இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி கொடுத்த மனு அது. அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி செல்ல அனுமதித்த நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் வேரூன்றிவிட்டது என்றும் எழுதினார்கள். இதுபோன்றவை உங்கள் ஊரிலும் நடந்திருக்கும், பேசப்பட்டிருக்காது.

சேர்ந்து வாழ்வது இப்போது குற்றமில்லை. யாரும் தடுக்கவில்லை. அப்படியிருக்க, திருமணச் சான்றிதழ் எதற்கு? நான் வங்கியில் முப்பதாண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சான்றிதழால் வந்த அன்பை நான் பார்த்ததில்லை.
– வாசகர், ஈரோடு

சான்றிதழால் அன்பு வராது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் வங்கியில் இருந்தவர் என்பதால், சான்றிதழால் என்னென்ன வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இறந்த வாடிக்கையாளரின் பெட்டகச் சாவியோடு வந்து நிற்பவரிடம், “நீங்கள் அவருக்கு என்ன உறவு?” என்று நீங்களே எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்.

இரண்டு ஆண்கள் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், இருவர் சம்பளத்திலும் கடன் அடைத்த வீடு ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு அவர் தாய்க்குப் போகும். தாய் இல்லையென்றால் தந்தைக்கு, அவரும் இல்லையென்றால் உடன்பிறந்தாருக்கு. கூட வாழ்ந்தவர் சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டில் தங்கியிருந்த ஓர் அந்நியர். உயிரோடு இருக்கும்போதே பணமாகக் கொடுக்கலாமே என்றால், கணவன் மனைவிக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை, உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் பெற்றவருக்கு வரி உண்டு. அரசு ஊழியர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் முதலில் அவருடைய கணவர் அல்லது மனைவிக்குத்தான். சிறுநீரகம் தர ஒருவர் முன்வந்தாலும், உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினர் என்று எண்ணும் பட்டியலில் மனைவியும் கணவரும் உண்டு, இவர் இல்லை. ஆகவே அவர் தனியாக ஒரு குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். தத்தெடுப்பிலும் ஒரு விசித்திரம் உண்டு. மணமாகாத ஒருவர் தனியாகத் தத்தெடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இணையராகத் தத்தெடுக்க இரண்டாண்டு நிலையான திருமண வாழ்வு வேண்டும். எனவே இருவரும் வளர்க்கும் குழந்தைக்கு ஒருவர்தான் பெற்றோர். அவர் இறந்துவிட்டால், அதே வீட்டில் அதே குழந்தைக்குச் சோறு ஊட்டிய மற்றவருக்குக் குழந்தை மீது எந்த உரிமையும் இல்லை.

சிறிது நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குப் பின் அமைச்சரவைச் செயலர் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவின் வழியாக, 2024 ஆகஸ்டில் சில அறிவுறுத்தல்கள் வந்தன: இவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை வாரிசுதாரராக (நாமினியாக) நியமிக்கவும் தடையில்லை என்று வங்கிகளுக்கும், குடும்ப அட்டையில் இவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் கோரிப் பெறலாம் என்றும் மாநிலங்களுக்கும் சொல்லப்பட்டது. இவை சுற்றறிக்கைகள். சட்டத்தை மாற்றுவது கடினம். சுற்றறிக்கையை மாற்ற ஒரு பிற்பகல் போதும் என்பதையும் வங்கியில் இருந்த நீங்கள் அறிவீர்கள்.

இதை அனுமதித்தால் நாளை யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும், இரத்த உறவுக்குள்ளும் மணக்கலாம் என்றாகாதா? நம் பண்பாடு என்னாவது?
– வாசகர், காரைக்குடி

இரத்த உறவு பற்றிய இதே அச்சத்தை அரசுத் தரப்பும் விசாரணையில் எழுப்பியது. மிகவும் வலிந்து கூறப்படும் வாதம் என்று தலைமை நீதிபதி கூறிவிட்டார். யார் யாரை மணக்கலாம் என்ற எல்லையை எங்கோ போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எல்லை எக்காலத்தும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் அத்தை மகளை மணப்பதும் நமக்கு முறை. வட இந்தியாவில் பலருக்கு அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இந்து திருமணச் சட்டத்தில் அவை தடை செய்யப்பட்ட உறவுகளே. வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்ற விதிவிலக்கு இருப்பதால்தான் அத்தகைய திருமணங்கள் செல்லுபடியாகின்றன. நம் பண்பாட்டுக்கு இடம் தர ஒரு சட்டம் வளைந்திருக்கிறது.

மற்றொன்று இன்னும் அருகில் இருக்கிறது. புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மணந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டவர்கள் சட்டப்படி மணமாகாதவர்கள் ஆனார்கள். பண்பாடு அழியும் என்ற குரல் அன்றும் எழுந்தது. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்து, புதிய திருமணங்களுக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே நடந்து முடிந்தவற்றுக்கும் சேர்த்தே ஏற்பு அளித்தது. நீதிமன்றம் கைவிட்டதைச் சட்டமன்றம் எடுத்துச் செய்தது என்பதால், முதல் கேள்வி கேட்ட கும்பகோணம் வாசகருக்கும் இதுவே என் பதில். அந்தப் பிரிவு இன்றும் கணவன், மனைவி என்றே பேசுகிறது. அதை விரிப்பதானால் அதற்கும் ஒரு சட்டம் வேண்டும்.

இவர்களைக் குறிக்கக் கண்ணியமான தமிழ்ச் சொல் எது?
– ஆசிரியை, விழுப்புரம்

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் முதலிய சொற்கள் அதில் உண்டு. வகுப்பில் அவற்றையே பயன்படுத்துங்கள்.

என் மகனுக்கு இருபத்தெட்டு வயது. பெண் பார்க்கத் தொடங்கியபோது, தனக்கு ஆண்கள் மீதுதான் நாட்டம் என்று என்னிடம் மட்டும் சொன்னான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். மருத்துவரிடம் காட்டலாமா? இந்த விவாதங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன்.
– ஒரு தாய், சேலம்

அம்மா, உங்களிடம் மட்டும் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை இழந்துவிடாதீர்கள். உங்கள் அண்ணன் சொல்வதைச் செய்தால், இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் இதில் சேர்ந்துவிடும். அவளுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

மருத்துவரிடம் காட்டி மாற்றக்கூடியது இதுவன்று. மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே எந்த மருத்துவராவது ஊசியோ மாத்திரையோ தந்து மாற்றிவிடுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கலக்கத்துக்கு ஒரு நல்ல உளவியலாளரை நீங்கள் பார்ப்பதில் தவறில்லை. அந்த வழக்கை விசாரித்த நீதிபதியே, தமக்கு இது முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து கேட்டறிந்தார்.

நாளை அவன் ஒருவரோடு வாழ முடிவு செய்தால், சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக் கூடியவை சில உண்டு. உயில் எழுதிப் பதிவு செய்யலாம். வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்கலாம். வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கி, வாரிசுதாரராக ஒருவர் மற்றவரை நியமிக்கலாம். இவற்றுக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போடவும், மருத்துவமனையில் “இவர் என் மகனுக்கு வேண்டியவர்” என்று சொல்லவும் குடும்பத்தில் ஒருவர் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அவசரமில்லை.