பத்திரிகையில் எந்தச் செய்தியை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: அன்னோ 1800 என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். நகரம் உழவர், தொழிலாளர் நிலைகளைத் தாண்டிக் கைவினைஞர் நிலைக்கு வந்துவிட்டது. பத்திரிகை வரும்போதெல்லாம் கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் செல்வாக்குப் புள்ளி கொடுத்துப் பிரசாரச் செய்தி போட்டு மாற்றிவிடுகிறேன். இப்போது புள்ளி மிச்சமே இல்லை. புதிய தீவில் குடியேறவும் முடியவில்லை, கப்பல் கட்டவும் முடியவில்லை. ஒரே ஒருமுறை மாற்றாமல் விட்டேன், தொழிலாளர் வீடுகளில் கலவரம் வெடித்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஒவ்வொரு பத்திரிகையிலும் வரும் மூன்று செய்திகள் நகரத்தின் மகிழ்ச்சியையோ நுகர்வையோ வரியையோ கூட்டும் அல்லது குறைக்கும். முதலில் மூன்றையும் மாற்றும் பழக்கத்தை விடுங்கள். கெட்ட செய்தி எல்லாம் ஒரே அளவுக்குக் கெட்டதல்ல. ஒவ்வொரு செய்தியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது தாக்கும் பொருளுக்கு என்னிடம் கையிருப்பு இருக்கிறதா? மீன், சாராயம், காசு ஆகியவற்றைச் சேர்த்து வைக்கலாம். மக்களின் மகிழ்ச்சியைக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. ஆகவே நுகர்வைக் கூட்டும் செய்தியையும் வரியைக் குறைக்கும் செய்தியையும் பெரும்பாலும் அப்படியே அச்சுக்கு விடலாம். புள்ளியைச் செலவிட வேண்டியது மகிழ்ச்சியைக் குறைக்கும் செய்திக்குத்தான், அதுவும் ஏற்கெனவே மனக்குறையோடு இருக்கும் நகரத்தில் மட்டும்.

செல்வாக்கு என்பது காசு மாதிரி அல்ல, முன்பணம் மாதிரி. கப்பல் கட்டினால், தீவு பிடித்தால், வர்த்தகச் சங்கமோ நகர மன்றமோ எழுப்பினால், விலங்குக் காட்சிசாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் பகுதிகள் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் சில புள்ளிகள் போய் முடங்கும். கப்பலை விற்றாலோ கட்டடத்தை இடித்தாலோ அவை கைக்குத் திரும்பும். பிரசாரம், வர்த்தகம், இராணுவம், விரிவாக்கம், பண்பாடு, மேம்பாடு என்று ஆறு பிரிவுகளாக அந்தக் கணக்கைத் திரை காட்டும். உங்கள் கணக்கில் பிரசாரப் பிரிவு வீங்கியிருக்கும், விரிவாக்கம் மெலிந்திருக்கும். பத்திரிகைக்குக் கொடுத்த புள்ளி அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் கட்ட முடியாது. புதுத் தீவு கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

நுகர்வுச் செய்தியின் உண்மையான கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இயல்பான அமைப்பில் ஒரு மீன்பிடிக் கட்டடம் 30 விநாடிக்கு 1 டன் தரும், அதாவது நிமிடத்துக்கு 2 டன். அது 80 உழவர் வீடுகளுக்குச் சரியாகப் போதும். தொழிலாளர் வீடு என்றால் 40, ஏனென்றால் உழவர் வீட்டில் 10 பேர், தொழிலாளர் வீட்டில் 20 பேர். சாராயம் வடிக்கும் கட்டடமும் நிமிடத்துக்கு 2 டன்தான், ஆனால் அது 60 உழவர் வீடுகளுக்கு மட்டுமே காணும். சரியாக 60 உழவர் வீடுகள் இருக்கின்றன, நுகர்வு 10 சதவீதம் கூடும் என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை 2.2 டன் ஆகும், பற்றாக்குறை நிமிடத்துக்கு 0.2 டன். கிடங்கில் 20 டன் கிடந்தால் 100 நிமிடம் தாங்கும். இதற்காகப் புள்ளியைச் செலவழிப்பது வீண். அதே 60 வீடுகளுக்கு மீன் தேவை 1.5 டன்தான், 10 சதவீதம் கூடினாலும் 1.65. உங்கள் ஒரே மீன்பிடிக் கட்டடம் இதை உணரக்கூட உணராது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கிடங்கில் 0, 1, 0, 1 என்று எண் துடித்துக்கொண்டிருக்கும் பொருள்தான் இந்தச் செய்தியில் முதலில் அறுந்துபோகும். பத்திரிகை திரையில் வந்ததும் மாற்றுவதற்கு முன் கிடங்குப் பட்டியலைத் திறந்து, செய்தியில் சொன்ன பொருளின் இருப்பைப் பாருங்கள். நிரம்பி வழிந்தால் விட்டுவிடுங்கள்.

வரிச் செய்தியில் ஒரு பொறி உண்டு. மேலே தெரியும் நிகர வருமானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சதவீதம் குறைவது மக்கள் தரும் மொத்த வரியில். மொத்த வரி 5000, பராமரிப்பு 4200 என்றால் திரையில் தெரிவது 800. வரி 15 சதவீதம் குறைந்தால் 750 போய், 50 மிஞ்சும். கருவூலத்தில் பல ஆயிரம் காசு இருந்தால் இதையும் தாங்கிக்கொள்ளலாம். காசு வறண்டு, பராமரிப்பும் உச்சத்தில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இனி மகிழ்ச்சி. உங்கள் கலவரத்துக்குப் பத்திரிகை கடைசித் தள்ளுதல்தான். நகரம் அதற்கு முன்பே விளிம்பில் நின்றிருக்க வேண்டும். ஒரு தொழிலாளர் வீட்டைச் சொடுக்கி, மகிழ்ச்சி அளவின் மேல் மவுஸை வையுங்கள். எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று வரிவரியாகத் தெரியும். பெரும்பாலும் குற்றவாளி இரண்டில் ஒன்று.

ஒன்று, சொகுசுத் தேவைகள். அடிப்படைத் தேவைகள் வீட்டை ஆட்களால் நிரப்பும். சந்தோஷத்தைத் தருவது சொகுசுத் தேவைகள்தான். உழவருக்குச் சாராயமும் மதுக்கூடமும், தொழிலாளருக்குப் பீரும் தேவாலயமும், கைவினைஞருக்கு ரம்மும் நாடக அரங்கும். தொழிலாளரிடம் சிக்கல் என்றால் முதல் சந்தேகம் பீர் மீதுதான். இரண்டு பீர் ஆலைகளை முழு வேகத்தில் ஓட்ட 2 தானியப் பண்ணை, தானியத்தை முளைகட்டித் தரும் 1 மால்ட் ஆலை, பீருக்குக் கசப்புச் சுவை தரும் பூவை விளைவிக்கும் 3 ஹாப் பண்ணை வேண்டும். பலர் கணக்குப் பார்க்காமல் ஹாப் பண்ணையையும் இரண்டாகவே கட்டிவிடுவார்கள். ஹாப் பண்ணைக்கு ஒரு சுற்று 90 விநாடி, ஆலைக்கு 60. இரண்டு பண்ணை நிமிடத்துக்கு 1.33 டன்தான் தரும், ஆலைகள் கேட்பது 2. இரண்டு ஆலையும் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் ஓடும். இது திரையில் பெரிய எச்சரிக்கையாக வராது, பீர் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வயலையும் எண்ணிப் பாருங்கள். ஹாப் பண்ணைக்கு 96 கட்டம், தானியத்துக்கு 144. இடமில்லை என்று 72 கட்டத்தோடு நிறுத்திய ஹாப் பண்ணை 75 சதவீதமே விளையும்.

இரண்டு, வேலைச்சூழல். ஒவ்வொரு உற்பத்திக் கட்டடத்திலும் 50 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவல் பட்டை இருக்கிறது. கூட்டினால் அங்கே வேலை செய்யும் வகுப்பின் மகிழ்ச்சி குறையும். செங்கல் அவசரம் என்று செங்கல் சூளையை ஏற்றியிருப்பீர்கள், எஃகு ஆலையையும் ஏற்றியிருப்பீர்கள். அவசரம் தீர்ந்தபின் பட்டையை இறக்க மறந்திருப்பீர்கள். அனேகமாக எல்லா நகரத்திலும் இப்படி இரண்டு மூன்று கட்டடங்கள் மறந்துபோய்க் கிடக்கும்.

இதையே உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். தொழிலாளர் மகிழ்ச்சியைக் குறைக்கும் செய்தி வந்தால், புள்ளியைத் தொடும் முன் தொழிலாளர் வேலை செய்யும் கட்டடங்களில் கிடங்கு நிரம்பிய பொருள் எது என்று பாருங்கள். எஃகுத் தூலம் தேங்கிக் கிடக்கிறதா? அந்த ஆலைகளின் பட்டையை இறக்குங்கள். உற்பத்தி குறையும், ஆனால் அந்தப் பொருள்தான் நிரம்பியிருக்கிறதே. மகிழ்ச்சி ஏறும், செய்தியின் தாக்கத்தில் ஒரு பங்கு ஒரு புள்ளியும் செலவில்லாமல் கழிந்துபோகும். அடுத்த பத்திரிகை வந்ததும் பட்டையை நடுவில் வைத்துவிடலாம். வகுப்பை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீன்பிடிக் கட்டடத்தை இறக்கினால் சந்தோஷப்படுவது உழவர், கலவரக்காரத் தொழிலாளர் அல்ல.

போர் நடந்துகொண்டிருந்தால் மேலே சொன்னதெல்லாம் அரைகுறையாகத்தான் பலிக்கும். போர் மகிழ்ச்சியையும் இழுக்கும், பத்திரிகைக்கும் தீனி போடும். ஒவ்வொரு பதிப்புக்கும் புள்ளி கொடுத்துக்கொண்டிருப்பதைவிட எதிரியிடம் சமாதானம் பேசுவது மலிவு. கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்தபின்னும் மாற்றியே ஆக வேண்டிய செய்தி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உறுதி செய்யும் முன் எத்தனை புள்ளி போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இடத்தில் எதைப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். மகிழ்ச்சி ஏற்கெனவே போதிய அளவில் இருக்கும் நகரத்தில் மேலும் மகிழ்ச்சி தரும் பிரசாரம் போடுவதில் பெரிய லாபமில்லை. அந்த இடத்தில் நுகர்வைக் குறைக்கும் செய்தி கிடைத்தால் அதை எடுங்கள். குறிப்பாகப் புதிய உலகிலிருந்து, அதாவது விளையாட்டின் இன்னொரு நிலப்பகுதியிலிருந்து, கப்பலில் வரவேண்டிய ரம் போன்ற பொருளின் நுகர்வு குறைந்தால், தாமதமாகும் ஒரு கப்பலுக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்போது கைவசம் புள்ளி வேண்டுமே. வழித்தடம் எதுவும் இல்லாமல் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை விற்றுவிடுங்கள், பழைய போர்க்கப்பல்கள் முதலில். அடுத்து வர்த்தகச் சங்கங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுற்றியுள்ள கட்டடங்களை மேம்படுத்தும் நிபுணர்களை வைக்க மூன்று இடம் உண்டு. மூன்றும் காலியாக, வரைபடத்தில் அழகுக்கு நிற்கும் சங்கத்தை இடியுங்கள். புது வரவுக்கு வழி மக்கள்தொகை. அது ஏற ஏற உங்கள் ஒட்டுமொத்த வளர்ச்சியைக் காட்டும் நிறுவன நிலை உயர்ந்து புள்ளி சேரும். அதற்குப் புது வீடு கட்டுவதற்கு முன், இருக்கும் வீடுகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். சோப்பு வராத தொழிலாளர் வீட்டில் 20 பேர் இருக்க மாட்டார்கள். பின்னால் மேல்தட்டு வகுப்பான முதலீட்டாளர் நிலைக்கு வந்தால் செல்வாக்கின் முக்கிய ஊற்று அவர்களே. அதுவரை இந்தச் சிக்கனம் தேவைப்படும். குடியேறத் தேவையான புள்ளி சேர்ந்ததும் தீவைப் பிடித்துவிடுங்கள், அடுத்த பத்திரிகைக்காக அதைக் காத்து வைக்க வேண்டாம்.

கலவரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். முதலில் காவல் நிலையம். அதற்கும் கலவரம் நடக்கும் தெருவுக்கும் இடையே மண் சாலை இருந்தால் செங்கல் பாவிய சாலையாக மாற்றுங்கள், காவல் நிலையத்தின் எல்லை நீளும். பிறகு ஏற்றி வைத்த பட்டைகளை இறக்குங்கள், பீர் வரத்தைச் சரிபாருங்கள். பத்திரிகையை அதற்கப்புறம் திறந்தால் போதும்.