குடல் ஆபரேஷனுக்கு முன்னால்: சில கேள்விகள், என் பதில்கள்

மலக்குடலில் கட்டி, வயிற்றில் பை வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் பீடி சுற்றுகிறவள். இனி தட்டு வைத்து உட்கார முடியுமா? (முக்கூடல்)

முடியும் அக்கா. குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்து வைத்து, மலம் சேர அதன்மேல் ஒட்டுகிற பைதான் அது. ஆனால் பை எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் சிரமமும் சுகமும், அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். படுக்க வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது, படுத்தால் மடிப்பே தெரியாது. நிற்க, உட்கார, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாவாடை நாடா இறுக்கும் இடம், சதை மடியும் இடம், பழைய தழும்பு எல்லாம் ஆகாது. உங்களுக்கு இன்னொன்றும் உண்டு, மடியில் வைக்கும் பீடித்தட்டின் விளிம்பு வயிற்றை அழுத்தும் இடம். தினமும் கட்டுகிற சேலையோடு, தட்டையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து காட்டுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மடிப்புக்கு அடியில் வைத்துவிட்டால் பை ஒட்டாது, கசியும், தோல் வெந்து புண்ணாகும், அப்படிக் கஷ்டப்பட்டு வந்தவர்களைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பை நிரந்தரமா என்றும் கேளுங்கள். ஆசனவாயையும் சேர்த்து எடுத்தால் நிரந்தரம். உள்ளே போட்ட தையல் ஆறுவதற்காகச் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்தால், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். வெளியே தெரியும் குடல் உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்றோ பை வரும் என்றோ சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் சொல்லலாமா? (சங்கரன்கோவில்)

வேண்டாம் தம்பி. பயந்துவிடுவார் என்ற உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் மயக்கம் தெளிந்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற மனுஷனுக்கு அப்போது வரும் அதிர்ச்சியும், வீட்டில் எல்லோரும் மறைத்துவிட்டார்கள் என்ற வருத்தமும் சேர்ந்து பையைத் தொடவே விடாது. சம்மதக் கையெழுத்து அவருடையது. முன்னாலேயே ஒரு பையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெருங்குடல் புண்ணுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா? (அம்பாசமுத்திரம்)

நீங்களாக நிறுத்தவே கூடாது. பல வாரமாகச் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் ஆபரேஷனின்போது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அளவையும் எத்தனை நாளாக என்பதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

முந்தின நாளிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா? சர்க்கரை மாத்திரை? (வள்ளியூர்)

பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். பேதி மருந்து கொடுத்திருந்தால், குடல் அடைப்பு இருந்தால் கணக்கு மாறும், உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையைக் குறைந்தது 3 நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதனால் ஒரு வாரம் முன்பே எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் அப்படியே முன்கூட்டிக் காட்டி, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்.

சிறுகுடல் பையோடு சித்திரை வெயிலில் வயலுக்குப் போகலாமா? (களக்காடு)

காயம் ஆறி, டாக்டர் சரி என்றபின் போகலாம், முதல் 6 வாரம் வாழைத்தார் தூக்கக் கூடாது. சிறுகுடல் பையில் தண்ணீரோடு உப்பும் போய்விடும், அதனால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ஈடாகாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓஆர்எஸ் கூடவே இருக்கட்டும். பை வழக்கத்தைவிட அடிக்கடி நிரம்பி, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.