மைமூனாவின் கல் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மால்டாவின் வரலாற்றைப் படித்துவருகிறேன். 870இல் அரபுப் படையிடம் வீழ்ந்தபின் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் அந்தத் தீவு ஆளற்றுக் கிடந்தது என்கிறார் அரபு நூலாசிரியர் அல்-ஹிம்யரி. புனித பவுல் காலம் முதல் அங்கே கிறித்தவம் அறுபடவே இல்லை என்கிறது உள்ளூர் மரபு. எதை நம்புவது? மால்டியர்கள் உண்மையில் யார்? தீவைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்?

க.

அன்புள்ள க.,

பயணக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அல்-ஹிம்யரி பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர். ஆளில்லை என்று சொல்லும் அவரே கப்பல் மரத்துக்கும் மீனுக்கும் தேனுக்கும் ஆட்கள் வந்துபோனார்கள் என்கிறார். மரபுக் கதையோ பிற்காலத்தின் விருப்பம். இரண்டையும் அப்படியே விழுங்க வேண்டாம்.

‘உண்மையில் யார்’ என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. இரத்தத்தைத் தோண்டிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எப்போது விடப்போகிறீர்கள்? அந்த மக்கள் பேசுவதைக் கேளுங்கள், ஐயா.

என் அம்மா இறந்த ஆண்டில் மால்டாவை ஒட்டியுள்ள கோசோ தீவுக்குப் போயிருந்தேன். தேவாலயத்தில் ஒரு மூதாட்டி ‘மிஸ்ஸியர்னா’ என்று செபத்தைத் தொடங்கினார். ‘எங்கள் தந்தையே’ என்று பொருள். ‘மிஸ்ஸியர்’ சிசிலியிலிருந்து வந்த சொல். ‘எங்கள்’ என்னும் பொருள் தரும் ‘னா’ அரபு விகுதி. ஒரே சொல்லுக்குள் இரண்டு கரைகள்! தாய்க்கு அங்கே ‘ஒம்ம்’. அது அரபு. கத்தோலிக்கர்கள் கடவுளை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள். தவக்காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரந்தான்’, ரமலானேதான். 1048க்குப் பிறகு முஸ்லிம்களும் அவர்களுடைய அடிமைகளும் வந்து குடியேறினார்கள் என்று அதே அல்-ஹிம்யரி சொல்கிறார். அரசர்களும் மதமும் மாறியபின்னும் அவர்கள் கொண்டுவந்த பேச்சு அடுப்படியிலும் வயலிலும் நின்றுவிட்டது. இதைவிடப் பெரிய சாசனம் உங்களுக்கு எதற்கு?

அன்று மாலை கோசோ அருங்காட்சியகத்தில் மைமூனா என்ற முஸ்லிம் பெண்ணின் கல்லறைக் கல்லின் முன் வெகுநேரம் நின்றேன். அவள் இறந்தது 1174இல். சிசிலியைப் பிடித்த கிறித்தவ நார்மன்களின் படை தீவில் முதலில் இறங்கியது 1091இல். 1127இல் சிசிலியை ஆண்ட நார்மன் இரண்டாம் ரோஜர் அதை முழுமையாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, கிறித்தவ அரசரின் கீழ், ஒரு தகப்பன் தன் மகளுக்காக அரபு எழுத்தில் அழுதிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மரணம் என்னை மாளிகையிலிருந்து பறித்துக்கொண்டது, கதவும் தாழ்ப்பாளும் என்னைக் காக்கவில்லை என்று அவளே பேசுவதுபோல் அதில் வரிகள் வருகின்றன. அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த கடைசி இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை.

கல்லின் பின்புறத்தையும் பாருங்கள். ரோமானியர் செதுக்கிய பழைய அலங்காரம் இன்னும் அங்கே இருக்கிறது.