ரீச்சரிடம் கேளுங்கள்: பாட வாய் வரவில்லை

கேள்வி: ரீச்சர், நாங்கள் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். மார்கழி வெள்ளத்தில் எங்கள் வேளாண்மை கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தோடு அழுகிப் போனது. என் நகையை ஈடு வைத்து விதைத்த வயல். அந்தக் கவலை ஆறும் முன்னமே கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா, "வீட்டுக்குள்ள அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு, தேடிப் பாருங்க" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் "கர்த்தர் நல்லவர்" என்று பாடும்போது எனக்கு வாய் வருவதில்லை. பாடினால் பொய், பாடாவிட்டால் அவிசுவாசம். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி

பதில்: மகள், முதலில் அந்த அக்கா சொன்னதைப் பார்த்துவிடுவோம். பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்டதும் இதைத்தான்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்றும் சொன்னார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல மனிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபு என்னென்னவோ பேசினார், கர்த்தர் அவரையும் விடாமல் கேள்வி கேட்டார். ஆனால் கோபம் மூண்டது இந்தச் சிநேகிதர்கள் மேல்.

வெள்ளம் வயல் வட்டை முழுவதும்தானே பாய்ந்தது? உங்கள் வரம்பை மட்டும் தேடி வரவில்லையே. பாரிசவாதத்துக்குக் காரணம் தேட வேண்டுமானால் கணவரின் கிளினிக் கொப்பியைத் திறந்து பிரஷரையும் சீனியையும் பாருங்கள். கை கால் பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், முதல் சில மாதங்கள்தான் மிக முக்கியம். கமநல சேவை நிலையத்தில் வெள்ளச் சேதத்தைப் பதிந்தீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை, அதனால் கேட்கிறேன்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

பாட வராத ஞாயிறுகளில் பாடாதீர்கள். எழுந்து நில்லுங்கள், போதும். பக்கத்தில் நிற்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள், சபை என்று ஒன்று இருப்பது அதற்கும்தான். சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து முறைப்பாடு. கடைசி வரியிலாவது ஒரு ஆறுதல் வரும் என்று பார்த்தால் இருட்டோடு முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியவில்லை, துதிப் பாட்டுகளோடு சேர்த்தே வைத்தார்கள். 13ஆம் சங்கீதக்காரர் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேருக்கு நேராகவே கேட்கிறார்.

இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று எனக்குப் படவில்லை. காணாமல் போன பிள்ளைகளுக்காக இந்த மாவட்டத்தில் எத்தனை தாய்மார் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, மனுவோடு ஏறி இறங்கினார்கள்! கேட்க யாருமில்லை என்று மனது முடிவு செய்துவிட்டால் யார் மனு எழுதுவார்கள்? நீங்கள் இரவில் அழுதுகொண்டு கர்த்தரோடு சண்டை பிடிக்கிறீர்கள் என்றால், அவர் இருக்கிறார், கேட்கிறார், நியாயம் தெரிந்தவர் என்று நம்பித்தான் பிடிக்கிறீர்கள்.

நான் கல்லடிக்காரி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸ் விட்ட மறுநாள், கடல் வந்தது. அந்த வருடக் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி நேரம் வைத்தார்கள். ஒருவர் எழும்பி, கர்த்தர் தன் வீட்டில் ஒருவரையும் குறைக்காமல் காத்தார் என்று நன்றி சொன்னார். உண்மையான நன்றிதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வாங்கில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி இருந்தாள். "அப்ப என்ட பிள்ளைகள காக்க அவருக்கு மனமில்லையா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். போதகர் பிரசங்கத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் போனார். நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் திறமானது. தப்பியவரின் கணக்கை மட்டும் வைத்துக் கர்த்தருடைய நன்மையை அளந்தால், தப்பாதவரின் வீட்டில் அந்த அளவுகோல் முறிந்துவிடும். சாட்சி நேரம் வைக்கிற சபைகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்களுக்கும் யாராவது ரோமர் 8:28ஐச் சொல்லியிருப்பார்கள், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. வேளாண்மை அழுகியது நல்லது என்று பவுல் அங்கே சொல்லவில்லை. கொஞ்சம் கீழே இறங்கினால் உபத்திரவம், பசி, பட்டயம் என்று ஒரு பட்டியலே போடுகிறார். இவை வராது என்கிற வாக்கு அதில் இல்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பை விட்டுப் பிரிக்காது என்பது மட்டும்தான்.

எங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். வருகிற வழியில், கப்பலிலேயே அவருடைய மனைவி இறந்துவிட்டார். இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் 1815 ஏப்ரலில் அவரும் இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் போட்ட விதை. ஒரு விழா மேடையில், "அவர் இறந்தது இந்தக் கல்லூரிக்காகத்தான், ஆகவே அதுவும் நன்மையே" என்று ஒருவர் பேசக் கேட்டேன். எனக்கு ஒப்பவில்லை. ஓல்ட்டின் சாவு நட்டம், அவர் மனைவியின் சாவும் நட்டம். அந்த நட்டத்தோடு எல்லாவற்றையும் முடித்துவிடாமல் கர்த்தர் தொடர்ந்து வேலை செய்தார், அவ்வளவுதான் சொல்லலாம். அவர் நல்லவர் என்று நான் நம்புவதும் இந்த அளவில்தான். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டவர் அவர். இழப்பை இழப்பு என்று அவரே சொல்லும்போது, நீங்கள் ஏன் அதை நன்மை என்று பாட வேண்டும்?

கேள்வி: 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் என் நண்பன் தங்கச்சியை இழந்தான். "ஆண்டவர் தன் தோட்டத்துக்குப் பூப் பறித்துக்கொண்டார்" என்று இன்றும் சிலர் அவனிடம் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா?
— வாசகர், கல்முனை

பதில்: வேண்டாம் தம்பி. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கொன்றது மனிதர்கள். அந்தக் குற்றத்தைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு, பிறகு அவரை நம்பு என்றால் அவன் எப்படி நம்புவான்? அவன் கோபப்பட்டால் மறுத்துப் பேசாமல் கேளுங்கள். அவன் தங்கச்சியின் பெயரைச் சொல்லித் தயங்காமல் கதையுங்கள். நாம் கதைத்தால் அழுவான் என்று பயந்து எல்லாரும் அந்தப் பெயரையே விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 21 வரும்போது கல்முனையிலிருந்து பஸ் ஏறிப் போய் அவனோடு இருங்கள். வசனம் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம்.