1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து கிராமத்துப் பாதிரியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?
மாதச் சம்பளம் என்று பெரும்பாலும் கிடையாது, நிலம்தான் சோறு போட்டது. தேவாலய மானிய நிலத்தின் குத்தகைப் பணம் ஒரு பக்கம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய வரி இன்னொரு பக்கம். 1836 சட்டத்துக்குப் பிறகு அதைத் தானியமாக வாங்காமல், தானிய விலையை ஒட்டிய பணமாக வாங்கினார்கள். சரி, கோதுமை விலை விழுந்தால்? பாதிரியார் வருமானமும் விழும், 1870-களுக்குப் பிறகு அதுதான் நடந்தது, அதனால் பெரிய வீட்டில் இருந்துகொண்டு அதைப் பராமரிக்கக் காசில்லாமல் திண்டாடியவர்கள் உண்டு. இதில் வேடிக்கை, அவரை நியமிக்கும் உரிமை பல ஊர்களில் பெரிய நிலச்சுவான்தார் கையில் இருந்தது. அப்புறம், அந்தத் தேவாலயப் பக்கமே வராத மெதடிஸ்டின் (வேறொரு கிறிஸ்தவ சபைக்காரர்) நிலத்துக்கும் வரி உண்டு, கடுப்பாகாமல் என்ன செய்வார்! 1936-இல்தான் அதை ஒழித்து, நிலச் சொந்தக்காரர்கள் அரசுக்குத் தவணை கட்டும்படி மாற்றினார்கள்.