மறுமொழி: நைட் ஷிப்டில் ஜெபம் விட்டுப்போகிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி மேல் எரிச்சல் வருகிறது

சகோதரரே, இரவு வேலையால் ஜெபம் விட்டுப்போகிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி மேல் எரிச்சல் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பினாங்குத் தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து முழங்காலில் இருந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். அதற்கெல்லாம் குற்ற உணர்ச்சி வேண்டாம். நானும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவன்தான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். ஏறும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டு 121ஆம் சங்கீதத்தை மனசுக்குள் சொல்வேன். எட்டே வசனம். காக்கிறவர் உறங்குவதில்லை என்று அதில் வருவது, இரவு வேலைக்காரனுக்கென்றே எழுதினது போல இருக்கும். மீதி நேரத்தில் நாலு பேருடைய பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். பாட்டி பெயரையும் அதில் சேர்த்துப் பாருங்கள். எரிச்சல் உடனே போகாது, ஆனால் குறையும்.

அப்புறம் பாட்டி விஷயம். பைபிளில் லூக்கா 10இல் இயேசு சொன்ன கதையில் அந்த நல்ல சமாரியன் (யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவன்) என்ன செய்தான்? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான், ஒரு இரவு கவனித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் 2 வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். திரும்பி வருகிறேன் என்றும் சொன்னான். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை! எல்லாவற்றையும் அவன் ஒருவனே சுமக்கவில்லை.

நீங்களும் பாட்டியிடம், "பகலில் தூங்குவேன் பாட்டி, சாயங்காலம் நானே வந்து கதவைத் தட்டுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆஃப் நாளில் பசியாற இரண்டு தோசை வாங்கிப் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். கிளினிக், மருந்து என்றால் கீழ்வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி இந்து, நம் சபை இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். சமாரியன் மட்டும் யூதனா என்ன?